உச்சிப்பொழுது யாருடையது?

"பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள். இளநீர், மோர் குடியுங்கள். தளர்வான பருத்தி ஆடை உடுத்துங்கள். குடை இல்லாமல் போகாதீர்கள்."

சித்திரை பிறந்தால் இந்த அறிவிப்பும் பிறந்துவிடுகிறது. பேப்பரில் வருகிறது, டிவியில் வருகிறது, செல்போனில் வருகிறது. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையின் கண்ணாடிக் கதவிலும் ஒட்டியிருக்கிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஏசி ஓடுகிறது. அந்தப் பக்கம் அறிவிப்பைப் படித்தபடியே வரிசை வெயிலில் நிற்கிறது.

அறிவிப்பில் மருத்துவத் தப்பு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? உச்சிப்பொழுதில் வீட்டுக்குள் இருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரைப் பார்த்து. தெருக் கூட்டுகிறவளின் உச்சிப்பொழுது மேஸ்திரி கையில் இருக்கிறது. செங்கல் சூளையில் குடும்பத்தோடு கிடப்பவனின் உச்சிப்பொழுது முன்பணம் கொடுத்தவன் கையில். மரக்காணத்து உப்பளத்திலும் தூத்துக்குடி உப்பளத்திலும் வெள்ளை வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் உச்சிப்பொழுது கங்காணி கையில். தன் பொழுதே தன் கையில் இல்லாதவனிடம் போய் 'வெளியே வராதே' என்றால் அது அறிவுரையா, கேலியா?

வெயில் எல்லார் தலையிலும் ஒன்றாகத்தானே காய்கிறது, இதிலும் சாதியா என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். முற்போக்கு நண்பர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். அதில் குற்றவாளிகள் பலர். நானும் ஒருத்தன்.

2024 மே மாதம். வட மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். மணி பன்னிரண்டரை இருக்கும். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர், ஐம்பதை நெருங்கும் வயசு, சம்பளம் கணக்கில் ஏறவில்லையே என்று கேட்க வந்திருந்தார். உள்ளே கூட்டம், வெளியே நில்லுங்க என்று அனுப்பியிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வேலையில் இறங்கியவர். மேலே போட்டிருந்த அந்த மினுமினுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருக்கிறார். ஒருமணி நேரம் கழித்து பைக் நிறுத்தும் இடத்தோரம் தள்ளாடி விழுந்தார். வாய் குழறியது. எதிரில் இல்லாத யாரையோ திட்டினார். வாந்தி எடுத்தார்.

"காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டான்" என்றது வரிசை. சிரிப்பும் கேட்டது. ஒருத்தர் தன் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். கவுண்டரில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். எழுந்து வெளியே வர எனக்கு ஏழு நிமிஷம் ஆனது. சேரியில் பிறந்தவன், பிணம் எரித்த தாத்தாவின் பேரன், இடஒதுக்கீட்டில் படித்து நாற்காலிக்கு வந்தவன், விடுதலை விடுதலை என்று கவிதை எழுதுகிறவன். அவனுக்கு ஏழு நிமிஷம். விழுந்து கிடக்கும் துப்புரவுத் தொழிலாளியைப் பார்த்ததும் 'குடிகாரன்' என்று வாசிக்கும் கண்ணை எனக்கும் பொருத்தி விட்டிருக்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து அது என் சொந்தக் கண்ணாகவே ஆகியிருக்கிறது.

எதிர்ச் சாரியில் மோர் விற்கும் ஒரு கிழவிதான் முதலில் ஓடி வந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தது. "குடியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது. பாத்துக்கினு நிக்கிறியே சாரே, கால புடி, நெழலுக்குத் தூக்கு" என்றது. தூக்கினோம். கோட்டைக் கழற்றி, சட்டையைக் கிழித்து, தன் குடத்துத் தண்ணி முழுதையும் அந்தம்மா தலையிலிருந்து கால்வரை ஊற்றியது. நான் பேங்க் காலண்டர் அட்டையைப் பிடுங்கிவந்து விசிறினேன். கிட்டே வந்து மோந்து பார்த்தேன். சாராய வாடை துளியும் இல்லை. 108 வந்தது. பிழைத்தார். "தண்ணி ஊத்தினவங்கதான் காப்பாத்தினாங்க, நாங்க இல்லை" என்று டாக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இந்த வியாதியைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மருந்துக் கடைக்காரனும் மேஸ்திரியும் சொல்லித்தரப் போவதில்லை. அதனால் கவனமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

உடம்பு வேலை செய்யும்போது உள்ளே சூடு பிறக்கிறது. வெயிலும் வெளியிலிருந்து ஏற்றுகிறது. அதை இறக்க உடம்பிடம் உள்ள பெரிய ஆயுதம் வியர்வை. வியர்வை வழிந்து ஓடினால் குளிர்ச்சி இல்லை. அது ஆவியாகப் போனால்தான் குளிர்ச்சி. கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காயாது. அதனால்தான் வானிலைத் துறை சமவெளியில் 40 டிகிரியை வெப்ப அலைக்கான வாசலாக வைத்து, கடலோரத்துக்கு 37 டிகிரியை வைத்திருக்கிறது. உப்பளத்தில் 37 டிகிரிதானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மினுமினுப்புக் கோட்டும் ரப்பர் கையுறையும் பூட்டும் இதையேதான் செய்கின்றன. வியர்வையைப் பூட்டி வைக்கின்றன.

முதலில் கெண்டைக்கால், வயிறு பிடித்துக்கொள்ளும். அடுத்தது வெப்பக் களைப்பு. வியர்வை கொட்டும், தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும், கால் துவளும். ஆனால் நினைவு தெளிவாக இருக்கும். அப்போதே நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, உடம்பை நனைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தேறிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அரைமணி நேரத்தில் தேறாவிட்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரி.

இதைக் கவனிக்காமல் 'எழுந்து வேலையப் பாரு' என்றால் அடுத்தது வெப்பத் தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டுகிறது, மூளை தடுமாறுகிறது. பேச்சு குழறும், நடை தள்ளாடும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், வலிப்பு வரும், நினைவு போகும். தோழர்களே, இந்த அறிகுறிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒன்றுவிடாமல் 'குடித்தவன்' அறிகுறி. அதனால்தான் நம் ஆள் விழுந்தால் தள்ளிப் போகிறார்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று ஒரு பேச்சு உண்டு, அது அரைகுறை. உழைத்துக்கொண்டே விழுகிறவனுக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். வெயிலில் வேலை செய்தவன் உளறினால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குடித்திருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். குடித்தவனை வெயில் சீக்கிரம் அடிக்கும்.

செய்ய வேண்டியது: 108-க்குச் சொல்லுங்கள், ஆனால் வண்டிக்குக் காத்திராமல் அந்த இடத்திலேயே குளிர வையுங்கள். குழாயடி, பம்புசெட்டுத் தொட்டி, தார்ப்பாயை நாலு பேர் பள்ளமாகப் பிடித்து நடுவில் தண்ணீர் — எது கிடைக்கிறதோ அது. தலை தண்ணீருக்கு மேலே இருக்கணும். தொட்டி இல்லையென்றால் உடம்பெல்லாம் ஊற்றி ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. முதல் அரைமணிதான் உயிர். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்க் கொன்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாராசிட்டமால், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். இது கிருமிக் காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது.

மொத்த வைத்தியமும் இவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவன் தொட வேண்டும். இந்த இரண்டைத்தான் ஆயிரக்கணக்கான வருஷமாக நமக்கு இல்லை என்றார்கள். இப்போது புரிகிறதா, வெயிலில் சாதி எங்கே இருக்கிறது என்று?

1927 மார்ச் 20-ஆம் தேதி மகாத் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளினார். அந்தத் தண்ணீரைக் கேட்டுப் போனவர்களை அடித்தார்கள், குளத்தைச் சாணியும் கோமியமும் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். அது அந்தக் காலம் என்பவர்களுக்கு வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தலித் மக்களுக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. என் அம்மா களை எடுத்த கழனிகளில் மடைத் தண்ணி உயர இருந்து ஊற்றப்படும், இரு கையும் குவித்துக் குடிக்கணும். கை நிறைய நிறைய விழும், பாதி மண்ணுக்குப் போகும். 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்க வாய் வராது என்று அம்மா சொல்லும். கடும் வெயிலில் உழைக்கும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை விடும். கால்மணி நேரத்துக்கு ஒருதரம் ஒரு டம்ளர் குடித்தால்தான் ஈடு கட்டும். இரண்டு கை குழியில் எத்தனை டம்ளர் கொள்ளும்?

பெண்களுக்கு இதிலும் இன்னொரு பூட்டு. தண்ணி இருந்தாலும் குடிக்க மாட்டார்கள். "குடிச்சா ஒதுங்க எங்கப் போறது?" கழிப்பிடம் இல்லாத வேலைத்தலத்தில் தாகம்தான் மானத்தைக் காப்பாற்றுகிறது. சிறுநீரகத்தை யார் காப்பாற்றுவது? வயிற்றுப் பிள்ளையை யார் காப்பாற்றுவது? தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று, வேலையில் கடும் வெப்பத்தில் நிற்பவர்களுக்குக் கருச்சிதைவும் செத்துப் பிறத்தலும் இரண்டு மடங்கு அபாயம் என்கிறது. தாய்மையைத் தெய்வம் என்று பாடுகிற நாடு, தாய்க்கு ஒரு கக்கூஸ் கட்டித்தராது.

அடுத்த பொய்யைப் பார்ப்போம். மேஸ்திரி சொல்வான், பண்ணைக்காரன் சொல்வான், அதிகாரியும் சொல்வான்: "அவங்களுக்கு வெயில் பழகிப்போச்சு சார்." நம் கறுப்புத் தோலைக் காட்டிச் சொல்வான். ஏதோ பிறக்கும்போதே வெயில் தாங்கும் எந்திரமாகப் பிறந்தது போல.

பழக்கம் என்று ஒன்று உண்டுதான். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் ஆழத் தங்கச் சுரங்கங்களில் கறுப்புத் தொழிலாளிகள் வெப்பத் தாக்கில் செத்து விழுந்தார்கள். தங்கம் நின்றுபோகுமே என்று முதலாளிகளுக்குக் கவலை. புது ஆட்களைப் புழுங்கும் சூட்டு அறையில் நாள்கணக்கில் கட்டை மேல் ஏறி இறங்க வைத்து, யார் தாங்குகிறான் என்று அளந்து குழிக்குள் அனுப்பினார்கள். அந்தக் கறுப்பு உடம்புகளிலிருந்துதான் உலகம் பாடம் கற்றது. பாடம் இது: வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். நாலு வாரம் விட்டால் பழக்கம் போய்விடும். அதற்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் எவனும் விழுவான். வெள்ளைக்காரனும் பழகலாம், ஐயரும் பழகலாம், ஆண்டையும் பழகலாம். திறந்தவெளி வேலையில் நடக்கும் வெப்பச் சாவுகளில் 50 முதல் 70 விழுக்காடு முதல் சில நாட்களிலேயே நடப்பதாக அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிறது. புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான், பிறகு நாளுக்கு நாள் கூட்டணும் என்கிறார்கள். இங்கே புதுசாக வந்தவனுக்குத்தான் முதல் நாளே இரண்டு ஆள் வேலை. பழக்கம் பிறப்பால் வருவதில்லை. இந்த நாட்டில் பிறப்பால் வருவது சாதி ஒன்றுதான். வெயிலில் நிற்கும் வேலையை அதுதான் பங்கு போட்டுத் தருகிறது. அரசின் உழைப்பாளர் கணக்கெடுப்பையும் வெப்பநிலைப் பதிவுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், வேலை நேரத்தில் ஆதிக்க சாதியினரைவிட தலித்துகளும் பழங்குடிகளும் கூடுதலான வெப்பத்தில் நிற்கிறார்கள் என்று கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள். நமக்கு இது கணக்குப் போட்டுத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

நிழலும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 16, நவி மும்பைக்குப் பக்கம் கார்கர். மாநில அரசின் விருது விழா. மேடைக்குக் கூரை. லட்சக்கணக்கான ஜனம் வெட்டவெளியில். 14 பேர் செத்தார்கள். 2024 அக்டோபர் 6, சென்னை மெரினா. விமான சாகசம் பார்க்கக் கூடிய கூட்டத்தில் வெயிலில் மயங்கியவர்கள் ஏராளம், 5 பேர் செத்தார்கள். அது புரட்டாசி மாதம். பஞ்சாங்கத்துக் கத்திரி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அக்னி நட்சத்திரம் போய்விட்டது, இனி பயமில்லை என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து வெயிலை அளக்கிறவர்களுக்கு இது போதாதா?

ராத்திரியும் நம்முடையதாக இல்லை. பகலில் ஏறிய சூடு ராத்திரி இறங்கினால்தான் உடம்பு மறுநாள் தாங்கும். சிமெண்ட் தகடு வேய்ந்த வீட்டிலும், காற்றோட்டம் இல்லாத தொகுப்பு வீட்டிலும், நகரத்திலிருந்து பிடுங்கி பெரும்பாக்கத்தில் நட்ட அடுக்குமாடியிலும் ராத்திரி எப்படி இறங்கும்? ஊர்த்தெருவுக்குப் புளியமரமும் கோயில் ஆலமரமும். காலனிக்கு மரம் வைக்கவும் இடம் விடாமல் அளந்த மூணு சென்ட்.

செத்த பிறகாவது கணக்கில் வருவோமா? வெயிலில் விழுந்து செத்தவனின் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதுகிறார்கள். உள்சூட்டை உடனே அளந்து குறித்திருந்தால்தானே வெப்பச் சாவு என்று ஆகும்? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லது, வரவேற்போம். ஆனால் அளக்காத சூட்டை எந்த விதவை நிரூபிப்பாள்? அகமதாபாத்தில் வேறு மாதிரி எண்ணினார்கள். 2010 மே மாதம் வழக்கமாகச் சாகிறவர்களைவிட எத்தனை பேர் கூடுதலாகச் செத்தார்கள் என்று பார்த்தார்கள். 1344 பேர். அந்த எண்ணிக்கை வந்த பிறகு 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது. எண்ணினால்தான் வெட்கம் வரும். வெட்கம் வந்தால்தான் திட்டம் வரும். நம் சாவை எண்ணாமல் இருப்பதும் ஒரு சாதி நடவடிக்கைதான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் என்று எழுதினார்கள். 2005 நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில் வேலைத்தலத்தில் குடிநீர், ஓய்வு நேரம், குழந்தைகளுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி என்று எழுதினார்கள். எழுத்தில் இருந்த நிழலில் எத்தனை குழந்தை படுத்தது?

அதனால் நாம் கேட்க வேண்டியது நீர்மோர்ப் பந்தல் இல்லை. கட்சிக்கொடி கட்டிய பந்தலில் கரண்டி மோர் வாங்கிக் கும்பிடு போட்டது போதும். தர்மம் வேண்டாம், உரிமை வேண்டும்.

ஒன்று, கோடையில் பகல் 12 முதல் 3 வரை திறந்தவெளி வேலை நிறுத்தம், கூலி குறையாமல். கேரளத்தில் கோடை வந்தால் தொழிலாளர் துறை இந்த இடைவேளையை உத்தரவாகவே போடுகிறது.

இரண்டு, ஒவ்வொரு வேலைத்தலத்திலும் கைக்கு எட்டும் தூரத்தில் குடிநீர். தனி டம்ளர், தனிக் குடம் என்று எவனாவது வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

மூன்று, பெண்களுக்கு வேலைத்தலத்திலேயே கழிப்பிடம். துப்புரவுத் தொழிலாளிக்குக் காற்று புகும் துணியில் மேலாடை.

நான்கு, வெயில் காலத்தில் வேலையில் விழுந்து வரும் ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரியில் உள்சூடு அளந்து எழுத வேண்டும். செத்தால் மேஸ்திரியும் ஒப்பந்ததாரரும் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்து, இது அரசுக்கு இல்லை, நமக்கு. ஒவ்வொரு காலனியிலும் நாலு இளைஞர்கள், நாலு பெண்கள் மேலே சொன்ன முதலுதவியைக் கற்றுவைத்திருக்க வேண்டும். அம்பேத்கர் மன்றத்தில் கேரம்போர்டு பக்கத்தில் ஒரு தார்ப்பாய், இரண்டு வாளி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வையுங்கள்.

அந்தத் துப்புரவுத் தொழிலாளி மூன்று மாதம் கழித்து வங்கிக்கு வந்தார். கை நடுக்கம் இன்னும் போகவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். "நீங்கதான் சார் விசிறினீங்கன்னு சொன்னாங்க" என்று கும்பிட்டார். ஏழு நிமிஷக் கதையை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தண்ணி கொடுத்தேன். அது பெரிய காரியம் இல்லை. இப்போது வரிசை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. மேனேஜர் முறைத்தார், ஏசி ஏறவில்லை என்றார். ஏறாவிட்டால் போகட்டும் சார் என்றேன்.

அடுத்த முறை ஒருத்தன் வெயிலில் தள்ளாடி விழுந்தால் மோந்து பார்க்க நிற்காதீர்கள். என்ன சாதி என்று பார்க்க நிற்காதீர்கள். தண்ணியை எடுங்கள், தொடுங்கள், ஊற்றுங்கள். விழுந்தவன் எழுந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு போய், அவனை வெயிலில் நிறுத்தியவனிடம் கேளுங்கள்: எங்கள் உச்சிப்பொழுதை எங்களிடம் எப்போது தரப்போகிறாய்?